தட்டு முழுக்கப் பார்க்கவும்

பிப்ரவரி 11

சீப்பு இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாம் பார்க்கிற அதிகாரி அவன். தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. சட்டைப் பையில் மட்டும் எப்போதும் ஒரு சீப்பு. எதற்கு என்று கேட்கிற தைரியம் எங்கள் கம்பெனியில் யாருக்கும் வந்ததில்லை. முகத்துக்கு நேரே சார். இங்கே சீப்பு.

மூக்குக்கண்ணாடி வில்லைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் பிரிவை மாத முடிவோடு மூடுகிறார்கள். இனிமேல் மெஷின் பார்க்குமாம். நாங்கள் ஒன்பது பெண்கள். விளக்குக்கு அடியில் வில்லையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே எல்லோருக்கும் கழுத்து ஒரு பக்கமாகப் போய்விட்டது. தெருவில் சேர்ந்து நடந்தால் எதையோ ஒட்டுக் கேட்கிற கூட்டம் மாதிரி இருக்கும்.

ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டான். எடுக்காத விடுப்புக்குப் பணம், இத்தனை வருட வேலைக்கு இழப்பீடு, எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும் என்றான். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, இங்கயும் ஒண்ணும்மா. வழக்கமானதுதான்." மூன்றாவது தாளின் மேல் அவன் முழங்கை இருந்தது. போட்டுவிட்டு வந்தேன்.

மனசு முழுக்க வேன்தான். இவர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் வாடகை வண்டி. சொந்தக்காரர் அதை விற்கப் போகிறார். மார்ச் முதல் வாரத்துக்குள் பணத்தைக் கொடுத்தால் எங்களுக்கே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் சேமிப்போடு என் பணமும் சேர்ந்தால் சரியாக இருக்கும். இருபது வருஷமாக அடுத்தவன் வண்டியைத் துடைத்த மனுஷன், தன் வண்டியைத் துடைக்கட்டும்.

பிப்ரவரி 28

கடைசி நாள். கடைசித் தட்டு வில்லைகளில் குருவிக்கு ஒரு கீறல் கிடைத்தது. எங்கள் முறைப்படி ஒன்றில் கீறல் இருந்தால் அந்தத் தட்டையே முழுக்க மறுபடி பார்க்க வேண்டும். "நாளைக்கு வேலையே இல்ல, இன்னிக்கு எதுக்குக்கா?" என்றாள். "ஒண்ணு கீறல்னா தட்டு முழுக்க. பாருடி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தாள். இன்னும் இரண்டு கிடைத்தன.

குருவி என் பக்கத்து முக்காலிக்காரி. ஆள் குருவி அளவுதான், வாய் ஓயாது. புருஷன் இவளை விட்டுவிட்டுப் போய் ரொம்பக் காலமாகிறது. அவனைப் பெற்றவள் படுத்த படுக்கை. அவளை இவள்தான் வைத்துப் பார்க்கிறாள். ஏண்டி உனக்கு இந்தத் தலையெழுத்து என்று கேட்டால், "அவன்தானேக்கா விட்டுட்டுப் போனான், கிழவி போகலையே" என்பாள்.

கேட்டைத் தாண்டினதும் நான்தான் திரும்பி நின்று சொன்னேன். "நம்மள்ல எவளாவது திரும்ப இந்தக் கேட்டுக்குள்ள கால் வெச்சா, செருப்பால அடிப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். குருவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

மார்ச் 2

பணம் வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு வரவில்லை.

குருவிக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஏறக்குறைய முழுசாக வந்திருக்கிறது. மற்ற ஏழு பேரிடமும் கேட்டேன். எல்லோருக்கும் வந்திருக்கிறது. எனக்கு மட்டும் என்ன கேடு?

மார்ச் 3

நாத்தனாரை வரச் சொன்னேன். ஆடிட்டர் ஆபீசில் வேலை. இவருடைய தங்கைதான், ஆனால் இவருக்கு ஒதுக்கி வைத்திருந்த ரோஷமும் அவளுக்கே போய்விட்டது. என் சமையலில் குறை சொல்லாமல் சாப்பிட மாட்டாள். இன்றைக்குக் குறை சொல்லவில்லை. அப்போதே விஷயம் மோசம் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணி, ஒன்பது பேரையும் ஆட்குறைப்புன்னுதானே அனுப்பினாங்க? உங்க பேப்பர்ல ராஜினாமான்னு போட்டிருக்கு. சொந்த விருப்பத்துல விலகறேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அதனால என்ன? போனது போனதுதானே?"

"வரிக்காரனுக்கு அது வேற. வேலையே இல்லாமப் போச்சுன்னு கம்பெனி அனுப்பினா, அந்த இழப்பீட்டுல ஒரு அளவு வரைக்கும் வரியே கிடையாது. மத்தவங்களுக்கு லீவுப் பணத்துக்கு மட்டும் பிடிச்சிருப்பாங்க. நீங்களா போனா, வந்த மொத்தமும் சம்பளம் மாதிரி. இந்த வருஷம் வாங்கின சம்பளத்து மேல ஏறி உக்காரும். ஏற ஏற வரியும் ஏறும். கணக்குப்படி இந்த வருஷம் நீங்க பெரிய பணக்காரி."

பணக்காரி. குழாயில் வாஷர் போய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி ஆட்குறைப்பு என்று திருத்தி ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம், பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாமாம். நாளைக்கே போகிறேன்.

மார்ச் 4

போனேன். வரவேற்பறையில் நெடுநேரம் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டான்.

"கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா."

"ஏத்தினது நீங்கதானே சார். இறக்குங்க."

"கையெழுத்து உங்களுது."

"எட்டுப் பேருக்கு ஒண்ணு, எனக்கு மட்டும் ஒண்ணா?"

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். சீப்பை எடுத்து மேஜையில் வைத்தான். "கேன்டீன்ல வெச்சு ஒரு தடவை என்னை என்னமோ கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. பெண்கள் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைத் தன் மேஜைக்குள் வைத்திருந்தான். போக வேண்டும் என்றால் இவனிடம் வந்து கேட்க வேண்டும். நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "உங்க வீட்லயும் உங்க அம்மா சாவி வாங்கிட்டுத்தான் போறாங்களா சார்?" கேன்டீனே சிரித்தது. அடுத்த வாரம் பூட்டு போய்விட்டது. அதை இவன் இத்தனை நாள் அடைகாத்து வைத்திருக்கிறான்.

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்க. நான் இன்னிக்குப் பதில் சொல்றேன். அவ்வளவுதாம்மா."

வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்க்காமலே சாலையைக் கடந்தேன். அந்தச் சீப்பைப் பிடுங்கி அவன் மூக்கில் சொருகாமல் வந்துவிட்டேனே என்ற ஆத்திரத்தில்.

மார்ச் 9

வேன் போய்விட்டது. இவர் இரண்டு நாள் தவணை கேட்டார், சொந்தக்காரர் தரவில்லை. வாங்கினவர் பக்கத்துத் தெரு கான்ட்ராக்டர். இவரையே டிரைவராக வைத்துக்கொள்கிறாராம், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

"சரி விடு" என்றார். ஒரு மனுஷன் வாழ்க்கையில் எத்தனை தடவை சரி விடு என்று சொல்ல முடியும்? பின் கண்ணாடியில் புது முதலாளியின் பெயரை எழுத ஆள் வந்தபோது, எழுத்து கோணலாகப் போகாமல் இருக்க ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றது இவர்தான்.

மார்ச் 10

விட மாட்டேன்.

மார்ச் 27

குருவி வந்தாள். கிழவிக்குப் புதுக் கட்டில் வாங்கிவிட்டாளாம், தலைமாட்டைத் தூக்குகிற மாதிரி. கூரை ஒழுகலையும் சரி செய்துவிட்டாள். வந்த பணம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிட்டது. சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், எனக்கு வயிறு எரியுமோ என்று. சீ, அவள் மேல் எனக்கு எதற்கு எரிகிறது?

இரண்டு பேரும் உட்கார்ந்து சீப்பைத் திட்டினோம். குருவி திட்டுவதைக் கேட்பது ஒரு சுகம். அவன் வழுக்கையில் வியர்க்குரு வர வேண்டும், சொறிய அந்தச் சீப்பு மட்டும்தான் இருக்க வேண்டும், அதிலும் பல் உடைந்திருக்க வேண்டும் என்றாள். நாலு மாதச் சிரிப்பை ஒரே மத்தியானத்தில் சிரித்தேன். போகும்போது எப்போதும் போல டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 18

வேறு வேலை கிடைக்கவில்லை. கழுத்து சாய்ந்தவளுக்கு யார் கொடுப்பார்கள்.

படுத்தால் அவன்தான் வருகிறான். அவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்க வேண்டும். அவன் பிள்ளைகள் அவனை மதிக்கக் கூடாது. அவன் பாத்ரூமுக்குள் இருக்கும்போது யாராவது வெளியே பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே தூங்கிப்போகிறேன். நல்ல தூக்கமாகத்தான் இருக்கிறது.

மே 20

இன்றைக்கு எனக்கு அமோகமான நாள்.

குருவி மூச்சு வாங்க வந்தாள். "அக்கா, சீப்புக்கும் கணக்கு முடிச்சுட்டாங்க. அவரு பதவியே இனி கிடையாதாம், ஒழிச்சாச்சாம். கேக் வெட்டி மாலை போட்டாங்க. பெரிய தொகை. வரி விலக்கோட."

"தொலைஞ்சானா?"

"எங்க தொலையறது? அடுத்த திங்களே திரும்பி வந்துட்டாரு, அதே ரூம், அதே நாற்காலி. ஆலோசகராம். கதவுல பித்தளையில பேர்ப் பலகை மாட்டியிருக்கு. தினம் துடைக்கறாங்க."

எனக்கு ஆட்குறைப்பு ராஜினாமா ஆகிவிட்டது. அவனுக்கு மட்டும், போகாமலே போனதற்கு விலக்கு! வரட்டும், நாத்தனார் வரட்டும்.

மே 21

நாத்தனார் தட்டை வைத்துவிட்டு, கை கழுவாமலே பேசினாள்.

"வேலையே இல்லன்னு சொல்லித்தான் அந்த விலக்கைக் கொடுக்கறாங்க அண்ணி. ஒரு வருஷத்துக்குள்ள அதே கம்பெனிக்கு எந்த ரூபத்துல திரும்பப் போனாலும் விலக்கு ரத்து. சம்பளமோ கான்ட்ராக்டோ ஆலோசனையோ, எதுவா இருந்தாலும். விட்ட வரியும் கட்டணும், மேல அபராதமும் கட்டணும்."

"எவனா இருந்தாலுமா?"

"எவனா இருந்தாலும்."

அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சோறு இன்னும் கொஞ்சம் போட்டேன்.

"வரி ஆபீசுக்கு எழுதிப் போடறதுன்னா அவர் பேரை மட்டும் எழுதுங்க" என்றாள். "எழுதினவங்க பேரை வெளிய சொல்ல மாட்டாங்க. ஆனா நீட்டி முழக்க வேணாம். அவங்க கையில ஒரு நூல் கிடைச்சா துணி முழுக்கப் பிரிச்சுடுவாங்க."

பிரிக்கட்டுமே என்றேன்.

மே 24

எழுதிவிட்டேன். அவன் பெயர், பதவி ஒழிக்கப்பட்ட தேதி, மறுபடி வந்து உட்கார்ந்த தேதி, பித்தளைப் பலகை. நாலு வரியில் முடிந்துவிட்டது. முடிந்ததும் சப்பென்று இருந்தது. இவ்வளவு நாள் வெந்ததற்கு நாலு வரியா?

இவனை மாதிரி இன்னும் எத்தனை பெரிய தலைகள் இப்படிப் பண்ணியிருக்கும்! இவனுக்கு மேலே இருக்கிறவன், அவனுக்கு மேலே இருக்கிறவன். எல்லோரும் மாட்டட்டும். கம்பெனியே சந்தி சிரிக்கட்டும். கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: 'ஒன்றில் கீறல் இருந்தால் தட்டு முழுக்கப் பார்ப்பதுதான் முறை. இந்தக் கம்பெனியில் இந்த ஆண்டு கணக்கு முடித்த எல்லோரையும் பார்க்கவும்.'

எழுதிப் படித்துப் பார்த்தேன். அந்த வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தபாலில் சேர்த்துவிட்டு, வருகிற வழியில் எனக்கு நானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 15

ஒன்றும் நடக்கவில்லை. குப்பையில் போட்டிருப்பார்கள்.

ஜூலை 9

நடந்துவிட்டது!

குருவி சொன்னாள். வரி அலுவலகத்திலிருந்து வந்து இரண்டு நாளாகப் பீரோக்களைத் திறந்து பார்க்கிறார்களாம். சீப்பு தண்ணீராகக் குடிக்கிறானாம். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. யார் வேலை என்று கேட்பாள், சொல்லலாமா வேண்டாமா என்று நான் துடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் கேட்கவே இல்லை. முகம் வாடியிருந்தது. கிழவி ராத்திரியெல்லாம் தூங்க விடுவதில்லை போல. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். போகட்டும், நாம் தனியாகவே கொண்டாடுவோம் என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஆகஸ்ட் 6

இதை நிதானமாக எழுத வேண்டும். ஒரு வார்த்தை விடக் கூடாது.

வரி அலுவலகத்திலிருந்து என்னையே கூப்பிட்டிருந்தார்கள். மாடியில் நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு. போய் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர் பெஞ்சில் சீப்பு! மடியில் ஒரு ஃபைல். கழுத்துப் பட்டி நனைந்திருந்தது. பையில் அந்தச் சீப்பு இருந்தது, ஆனால் மனுஷன் ஒரு சுற்று சிறுத்துப்போயிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணை ஃபைலுக்குள் விட்டுக்கொண்டான்.

இதற்குத்தானே இத்தனை நாள் உயிரை வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன சார், கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சா?"

ஃபைலைப் புரட்டினான். காது மட்டும் சிவந்தது. வழுக்கைத் தலையில் காது சிவந்தால் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது!

உள்ளே ஒரு அதிகாரியம்மா. என் பேப்பரை விளக்குப் பக்கம் திருப்பி வைத்தார். "ஒரே பிரிவு, ஒரே நாள், ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு ஆட்குறைப்பு, உங்களுக்கு மட்டும் ராஜினாமாவா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், கழிப்பறைச் சாவி உட்பட. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கம்பெனி திருத்திக் கொடுத்தாக வேண்டுமாம். பிடித்த வரி எனக்குத் திரும்ப வரும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் பயந்துபோய் மீதிச் சில்லறையை இரண்டு தடவை கொடுக்கப் பார்த்தார்.

குருவியிடம் சொல்ல வேண்டும். அவளிடம் சொன்னால்தான் இது முழுசாகும்.

ஆகஸ்ட் 9

குருவியே வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கவரை மேஜையில் வைத்தாள். வரி நோட்டீஸ். அவள் பெயருக்கு.

ஏப்ரலிலிருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அதே கம்பெனி. பேக்கிங்கில் அரை நாள், கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் மூலமாக. கட்டிலும் கூரையும் பணத்தைத் தின்றுவிட்டன, கிழவிக்கு மாத்திரை வாங்க வழியில்லை. ஒரு வருஷம் போகக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. விலக்கு ரத்து. விட்ட வரி, அபராதம், எல்லாம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் பழைய ஆட்கள் யாரும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"எங்கிட்ட சொல்லலையேடி" என்றேன்.

"செருப்பால அடிப்பேன்னு சொன்னவங்ககிட்ட எப்படிக்கா சொல்றது?"

"விளையாட்டுக்குச் சொன்னதுடி அது."

"அந்த ஆபீசரம்மா மனுவைப் படிச்சுக் காட்டினாங்க. யார் எழுதினாங்கன்னு சொல்லல." என்னைப் பார்த்தாள். "ஒண்ணு கீறல்னா தட்டு முழுக்க. இந்த ஊர்ல இப்படிப் பேசறது நாம ஒன்பது பேர்தான்க்கா. எழுத்துல எழுதற அளவுக்குக் கோவம் உங்க ஒருத்தருக்குத்தான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அவளுக்குத் தெரியாத வசவா? வியர்க்குரு வரட்டும், பாத்ரூமில் பூட்டட்டும் என்று ஏதாவது. கவரை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். டீயைத் தொடவே இல்லை.

ஆகஸ்ட் 10

நான் என்ன பண்ணேன்? சொல்லு. சட்டத்தை நான் எழுதினேனா? கள்ளத்தனமா போனது யாரு? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா, நாத்தனார்கிட்ட கேட்டு நானே தடுத்திருப்பேனே. பித்தளைப் பலகையைத் தினம் துடைக்கறாங்கன்னு அவ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், உனக்கு எப்படிடி தெரியும்னு. எங்க கேட்டேன்? எனக்குத்தான் அவன் காது சிவக்கறதைப் பாக்கணும்னு வெறி பிடிச்சிருந்துச்சே.

நான் குறி வெச்சது அவனைத்தான். அவனை மட்டும்தான்.

மட்டும்தான்னா அந்த ஒரு வரி எதுக்குடி எழுதினே?

ஆகஸ்ட் 13

நாத்தனாரிடம் சொன்னேன். சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவர் பேரை மட்டும் எழுதச் சொன்னேனே அண்ணி" என்று ஒரு தடவைதான் சொன்னாள். அவளே தட்டைக் கழுவி வைத்தாள். மனுவைத் திரும்பப் பெற முடியாதாம். குருவிக்குத் தவணை கேட்டு எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். போய்க் கேட்டிருக்கிறாள். குருவி, தானே எழுதிக்கொண்டதாகச் சொல்லிவிட்டாளாம்.

ஆகஸ்ட் 30

சீப்பு கட்டிவிட்டான். வரி, அபராதம், எல்லாவற்றுக்கும் ஒரே காசோலை. ஆலோசகர் வேலையை விட்டுவிட்டு வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம், முன்பைவிடப் பெரிய ரூமாம். பற்றிக்கொண்டு வருகிறது. நான் வெட்டின குழியில் அவன் கால் நனைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

குருவி ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலைக்குப் போகிறாள். ராத்திரி ஷிப்ட். ஈரப் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. இரண்டு ஆள் சேர்ந்து மடிக்க வேண்டிய விரிப்பு அது. அவள் உயரத்துக்கு எப்படித்தான் மடிக்கிறாளோ.

செப்டம்பர் 19

என் பணம் வந்துவிட்டது. முழுசாக.

இவரிடம் சொல்லிவிட்டு, குருவி கட்ட வேண்டிய அளவுக்கு ஒரு கவரில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "செய், செய்யாட்டி நீ தூங்க மாட்டே" என்றார் இவர். வேன் என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை.

கதவைப் பாதிதான் திறந்தாள். கையெல்லாம் சோப்பில் வெந்து வெளுத்திருந்தது. கவரை நீட்டினேன். வாங்கவில்லை.

"என் கடனை நான் கட்டிக்கறேன். நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே. நான் போனது நிஜம்தானே."

"அடியே, எம்மேல இருக்கற கோவத்தைப் பணத்து மேல காட்டாதே. கிழவிக்காகவாவது வாங்கிக்க."

உள்ளேயிருந்து கிழவியின் குரல். "யாரும்மா வந்திருக்கறது?"

குருவி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாரும் இல்ல அத்தை."

கதவைச் சாத்திவிட்டாள். அறைந்து சாத்தவில்லை. கிழவி தூக்கம் கலையாமல் இருக்கச் சாத்துகிற மாதிரி, மெல்ல.

அக்டோபர் 7

வேன் வாங்கின கான்ட்ராக்டர் பெரிய பஸ் வாங்குகிறார். வேனை விற்கிறார். இவருக்குத்தான் முதலில் சொன்னார்.

கவர் இன்னும் பீரோவில் அப்படியே இருக்கிறது. மூன்று தடவை ஆள் மூலம் கொடுத்தனுப்பிப் பார்த்தேன், மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டது. வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அக்டோபர் 12

வேன் எங்களுடையது.

இவர் பின் கண்ணாடியில் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார். எங்கள் பெயர் எழுதலாமா என்று கேட்டேன். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், சுத்தமாக இருக்கட்டும் என்றார். என்னை முன் சீட்டில் உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். குழந்தை மாதிரி ஹாரன் அடித்தார். நானும் சிரித்தேன். நல்ல வண்டி. சீட்டெல்லாம் புதுசாக இருக்கிறது.

சீப்பை நினைத்தேன். காது சிவந்ததை நினைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்.

நவம்பர் 17

இவர் இன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தார். பள்ளிக்கூடம் லீவு, வாடகை சவாரி என்று காலையிலேயே போயிருந்தார். வந்ததும் கால் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"நீ ஏன் வரல?" என்றார்.

"எங்க?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குச் சொல்லலையா?"

குருவியின் மாமியார் நேற்று ராத்திரி போய்விட்டாள். கூட வேலை பார்த்த ஏழு பேருக்கும் குருவி விடிவதற்குள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஏழு பேரும் சேர்ந்து வண்டி பிடித்திருக்கிறார்கள். பிடித்தது எங்கள் வேனை. எங்கே போகிறார்கள் என்று அவர்கள் ஏறினபிறகுதான் இவருக்குத் தெரிந்ததாம், அதற்குள் எனக்கும் சேதி வந்து நான் தனியாகப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாராம். அங்கே போய் என்னைத் தேடியிருக்கிறார். "வர்ற வழியில உன்னைப் பத்தி யாருமே பேசல. அப்பதான் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

"அவ எப்படி இருக்கா?"

"அழல. எல்லாத்தையும் நின்னு பாத்துக்கிட்டா. கிளம்பறப்ப வண்டிகிட்ட வந்து, எவ்வளவுண்ணான்னு கேட்டா. என்னம்மா நீ, எங்கிட்டப் போயின்னு சொன்னேன். அவங்க எனக்காக வந்தாங்க, வாடகை நான்தான் குடுக்கணும்னு சட்டைப் பையில திணிச்சுட்டா. நான் வண்டிக் கதவைத் திறந்தேன். அவ நகராம நின்னுட்டே இருந்தா."

"ஏன்?"

"மீதிச் சில்லறைக்கு."

கொடுத்தாராம். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனாளாம்.

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையில் அந்த நோட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. "நாளைக்கு டீசல் போட்டுடறேன்" என்றார். சரி என்றேன்.